தாத்தா போருக்குப் போனாராம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ வரலாறு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் திரும்பி ஒரு கேள்வி கேட்பார். இருபது வருடமாகக் கேட்கிறேன், கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

சார், ராணுவ வரலாறுன்னா எந்தப் போர் எந்தத் தேதியில நடந்துச்சுன்னு படிக்கிறதுதானா?

தேதி வேண்டும்தான், அது இல்லாமல் எதையும் கோக்க முடியாது. ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி அரிசி, பூட்ஸ், கொசு, மணியார்டர் இவற்றோடுதான் போகிறது. 1944-இல் ஜப்பானியப் படை இம்பாலை நோக்கிப் புறப்பட்டபோது கையில் இருந்தது சுமார் மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலைப் பிடித்து அங்கிருக்கும் கிடங்குகளில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. பிடிக்க முடியவில்லை, மழையும் வந்துவிட்டது. திரும்பிப் போகும் வழியில் பசியாலும் நோயாலும் செத்தவர்கள், குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட அதிகம்.

அப்புறம், போருக்குப் போனவனைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுகூட ஆகாது. அவன் வீட்டில் யார் ஏர் ஓட்டினார்கள், பணம் வந்ததா, கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் போர் என்று சொல்கிறேன்.

நம்ம ஊர்க்காரங்க எல்லாம் உலகப் போருக்குப் போனாங்களா? அது பஞ்சாபிங்களும் கூர்க்காக்களும் போனதுன்னுல்ல நினைச்சேன்?

ஏராளமாகப் போனார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சம் வரை பெருகியது, 87,000 பேர் அளவில் இறந்தார்கள். இதில் மதராஸ் மாகாணத்துக்காரர்கள் சிப்பாய்களாக, பாலம் கட்டும், கண்ணிவெடி எடுக்கும் சாப்பர்களாக, ஓட்டுநர்களாக, மருத்துவமனைப் பணியாளர்களாக, சுமை தூக்குகிறவர்களாக இருந்தார்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. முதல் போருக்கு அங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. எண்ணிக்கை உண்டு, பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் கல்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நீங்கள் அப்படி நினைத்ததற்கும் காரணம் உண்டு. 'போர்க்குடிகள்' என்று சில சமூகங்களைப் பிரித்து, தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயத் தளபதிகள் முடிவு கட்டினார்கள். மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள், 1928-க்குள் கடைசிப் படையும் போய்விட்டது. ஆள் தேவைப்பட்டதும் 1941-இல் மதராஸ் ரெஜிமென்டைத் திரும்ப எழுப்பினார்கள். நடுவில் சாப்பர்கள் மட்டும் விடாமல் இருந்தார்கள். ராணுவத்தில் இன்றைக்கும் மதராஸ் சாப்பரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

போர் நம் வாசலுக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இப்போதும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல்தான்.

எங்க கொள்ளுத்தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்னு பாட்டி சொல்லுவாங்க. பேரைத் தவிர ஒண்ணுமே தெரியாது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

வீட்டிலிருந்து, அதுவும் இந்த வாரமே. குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். 'போரைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'தாத்தா லீவில் வந்தா என்ன கொண்டுவருவார், எந்த ஸ்டேஷனில் இறங்குவார், பென்ஷன் எங்கே போய் வாங்கினார், அவருக்குக் கடுதாசி எந்த ஊர் விலாசத்துக்குப் போடுவீங்க' என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெங்களூர் என்றால் சாப்பராக இருக்கலாம், வெலிங்டன் என்றால் மதராஸ் ரெஜிமென்டாக இருக்கலாம். டிரங்குப் பெட்டி, பரண், பத்திரக் கட்டு எல்லாவற்றையும் பாருங்கள். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு விஷயம், அவருடைய படை எண், அதாவது ராணுவத்தில் அவர் ஒருவருக்கென்று கொடுத்த எண். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், பழைய போட்டோவின் பின்பக்கம், எங்காவது அது இருக்கும். எண்ணும் படைப்பிரிவும் கிடைத்தால் அந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். வெறும் பெயரை வைத்துக்கொண்டு எழுதினால், ஆயிரம் முனுசாமிகளில் உங்கள் முனுசாமி யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் போரில் இறந்தவர் என்றால் வேலை கொஞ்சம் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள், அந்தக் கால குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊர்ப் பெயர் புரியவில்லை என்றால் வாய்விட்டு உரக்கப் படியுங்கள், பல ஊர்கள் எனக்கு அப்படித்தான் பிடிபட்டன. மாவட்டம் பழைய கணக்கில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்று இருக்கும். பல பதிவுகளில் 'இன்னாரின் மகன், இன்ன அம்மாளின் கணவன், இன்ன ஊர்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

பூஜை அறையில ஒரு பழைய மெடல் கிடக்கு. அதை வச்சு ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் ஒன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துத் தேய்த்து எழுத்து போய்விட்ட மெடல்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. முதல் உலகப் போரின் வட்ட மெடல் என்றால், காசை விளிம்பில் பார்ப்பதுபோல் ஓரத்தைத் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் சுற்றி ஓடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்த நட்சத்திர வடிவ மெடல்களில் பெயர் கிடையாது, இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள். ஆறு முனை நட்சத்திரம் இருந்தால் பின்பக்கம் பாருங்கள்.

மெடல் இல்லாமல், உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கலத் தட்டு ஒன்று இருந்து, அதில் ஒரு பெண்ணும் சிங்கமும் நின்றால், அது முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பியது. அதில் பதவி இருக்காது, பெயர் மட்டும்தான்.

நாம எரிக்கிறவங்க. அப்ப வெளிநாட்டுல செத்த நம்ம ஆளுங்களுக்குக் கல்லறை எப்படி இருக்கும்?

கல்லறை இல்லாதவர்களுக்குப் பெயர்ச் சுவர் உண்டு. கோஹிமா போர்க் கல்லறையின் மிக உயரமான இடத்தில் எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. ரங்கூன் பக்கத்தில் டாக்யான் என்ற இடத்தில் உள்ள தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். பிரான்சில் நவ் ஷபெல் என்ற ஊரில் 1927-இல் திறந்த வட்டச் சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைக்குப் போய்வரலாம். 1952-இல் அமைத்தது, இரண்டாம் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள், முதல் போருக்கான பெயர்ச் சுவரும் உண்டு.

ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. பதவி, இனம், மதம் பார்க்காமல் அனைவருக்கும் சமமான நினைவு என்பதுதான் 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. அப்படியிருந்தும் இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவிடத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயரும், இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கையும் என்றுதான் பொறித்தார்கள். முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை, இந்தியரும் ஆப்பிரிக்கருமாக, சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது இன்னும் 1,16,000 பேருக்குப் பெயரே இல்லாமல் போனது என்றும் ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்து. அந்த மனைவிகளும் அம்மாக்களும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டாங்க? இதுல நாம பெருமைப்பட என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. முதல் போர்க் காலத்தில் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில், கடன்பட்ட குடும்பத்தில் அந்தப் பதினொரு ரூபாய் என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நிலம் இல்லாத, ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத சாதியில் பிறந்தவனுக்குச் சீருடையும் பூட்ஸும் கிடைத்தன. அவன் மன்னர் ஜார்ஜுக்காகப் போனான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்காகப் போனான்.

நான் யாரையும் பெருமைப்படச் சொல்லவில்லை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்ரமணியன், மதராஸ் சாப்பர், வெடிக்கப்போகிற கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஒரு நொடியில் அவர் மனதில் சாம்ராஜ்யம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, பக்கத்தில் நின்ற ஆட்கள்தான் இருந்திருப்பார்கள்.

தாத்தா பிரிட்டிஷ் படையில. அவர் தம்பி ஐஎன்ஏவுல. வீட்டுல இப்பவும் சண்டை, யார் பக்கம் நியாயம்?

இம்பாலில் ஒரே மலையின் இரண்டு பக்கமும் இந்தியர்கள் இருந்தார்கள், அதனால் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஒரே நாளில் கைதிகளானார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர்கள் நியூ கினி பக்கம் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், அங்கே செத்தவர்கள் ஏராளம். சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் உண்டு. லட்சுமி சுவாமிநாதன் தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்திராத தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

சேர்ந்தவரும் மறுத்தவரும் இரண்டு பேருமே விலை கொடுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பதைவிட, அந்த நாளில் அவர்கள் கையில் என்ன செய்தி இருந்தது, வீட்டிலிருந்து கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு போட்டோவையும் ஒரே சுவரில் மாட்டுங்கள்.

எங்க பெரியப்பா சிப்பாய் இல்ல, சயாம் ரயில் ரோடு போடப் போனவர். அவரெல்லாம் இந்தக் கணக்குல வருவாரா?

என் கணக்கில் முதலில் வருவார். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942-43இல் ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் சுமார் 13,000 போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெயர் இருக்கிறது, பூச்செடி இருக்கிறது. கூலிகளாகக் கொண்டுபோனவர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். அவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எண்ணிக்கையிலேயே இருபதாயிரம் வித்தியாசம் வருகிறதே, அதுவே போதும், யாரும் எழுதிவைக்கவில்லை என்பது தெரியும்.

உங்கள் பெரியப்பா திரும்பி வந்தவர் என்றால் அவர் சொன்னது எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்துப் போனார்கள், கூட இருந்தவர்கள் யார், யார் எங்கே விழுந்தார்கள். சில பெயர்கள் உலகத்திலேயே உங்கள் வீட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

தாத்தா கடைசி வரைக்கும் வாயே திறக்கல. ஏன்?

என் தாத்தாவும் அப்படித்தான். மதராஸ் சாப்பர், பர்மாவில் கண்ணிவெடி எடுத்தவர் என்பது அவர் இறந்தபிறகு தாளைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் வரப்பில் நடக்கும்போது முன்னால் போனவரின் கால் தடத்திலேயே கால் வைத்துத்தான் நடப்பார். ஈரமண்ணில் குழிந்திருக்கும் தடத்தில் முதலில் பெருவிரலை வைத்து, அப்புறம் மெதுவாகக் குதிகாலை இறக்குவார். என்னையும் தன் தடத்திலேயே வரச் சொல்வார், தவறினால் அப்படிக் கோபம் வரும். விளையாட்டு என்று நினைத்து நானும் தத்தித் தத்திப் போவேன். கத்தரிப் பாத்தியில் களை எடுக்கும்போதும் களைக்கொத்தை நேராகக் குத்தமாட்டார், சாய்வாக, மண்ணைத் தடவுகிற மாதிரி நுழைப்பார். பல வருடம் கழித்து, கண்ணிவெடி தேடும்போது மேலிருந்து அழுத்தாமல் துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாக விடவேண்டும் என்று ஒரு பயிற்சிக் குறிப்பில் படித்தேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

ஆகவே அவர்கள் பேசாமல் இல்லை, நாம் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். கதவுக்கு முதுகு காட்டி உட்காராதவர், தீபாவளிக்கு முந்தின நாளே வயல் கொட்டகைக்குப் போய்விடுகிறவர், சோற்றில் ஒரு பருக்கை சிந்தினாலும் பதறுகிறவர் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். இதற்கு மருத்துவத்தில் முறையான பெயர் வைத்ததே 1980-இல்தான். அதற்குள் அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். குடித்து, கைநீட்டி, வீட்டையே நடுங்க வைத்தவர்களும் உண்டு. அவர்களோடு குடும்பம் நடத்திய பாட்டிகளுக்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை.

நினைவுச்சின்னம் வைக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்தானே, நமக்கு ஏது?

நடுகல்லை மறந்துவிட்டீர்களா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கல், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில், ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழையது. செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்துக் கற்கள் வயல் நடுவில் நிற்கும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எதற்காகப் பட்டான் என்று பெயரோடு எழுதியிருக்கும். எடத்தனூர்க் கல்லில் செத்தவனுக்குக் காவல் நின்ற நாய்க்கும் பெயர் இருக்கிறது, கோவிவன். வேலூர் கல்லையும் (இரண்டாம் கேள்வியில் சொன்னேன்) இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணில்தான் 277 மனிதர்களை எண்ணிக்கையாக விட்டார்கள்.

எட்டு வயசுப் பையன் கேக்கிறான், போர்ல யார் ஜெயிச்சாங்கன்னு. பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?

உண்மையைச் சொல்லுங்கள், அளவாக. யார் ஜெயித்தார்கள் என்று அவன் கேட்டால் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் நல்லது. அவருக்கு என்ன பிடிக்கும், கப்பலில் வாந்தி எடுத்தாரா, அவருடைய அம்மா என்ன செய்தாள். ரத்தத்தை விவரிக்க வேண்டாம், ஆனால் 'அவர் சாமிகிட்ட போயிட்டார்' என்று மழுப்பவும் வேண்டாம். செத்துப்போனார், வீட்டில் எல்லோரும் அழுதார்கள், அவ்வளவு போதும். நந்தம்பாக்கத்துக்குக் கூட்டிப்போங்கள். என் மகள் ஏழு வயதில் அங்கே ஒவ்வொரு கல்லாக வயதைப் படித்துக்கொண்டே வந்து, 19 என்ற கல்முன் நின்று 'நம்ம அண்ணன் வயசுப்பா' என்றாள். பெரியப்பா பையனைத்தான் சொன்னாள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஈழப் போரைப் பத்தி நீங்க ஏன் பேசுறதில்ல?

பேசுகிறேன், ஆனால் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அது இன்னும் வரலாறு ஆகவில்லை, காணாமல்போன பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். துயிலும் இல்லங்கள் என்ற புலிகளின் கல்லறைத் தோட்டங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதே இடத்தில் மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. அங்கே போன இந்திய அமைதிப்படையிலும் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்தப் படையால் செத்தவர்களின் வீடுகளும் தமிழ் வீடுகளே.

அரசியலில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறாக இருக்கலாம். ஆனால் எந்தத் தாயும் தன் பிள்ளைக்காக ஓரிடத்தில் விளக்கேற்றி அழுவதை எந்த அரசும் தடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

எந்நேரமும் சாவையே படிக்கிறீங்களே, வீட்டுல எப்படிச் சமாளிக்கிறாங்க?

முதல் சில வருடங்கள் நான் நடந்துகொண்டது சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்குப் படித்ததைச் சொல்லுவேன், மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, 'நாளைக்கு நீங்க சொல்லாம இருந்தா நான் சாப்பிடுவேன்' என்றாள். அதிலிருந்து ஒரு வழக்கம். படித்ததை நோட்டில் எழுதி மூடிவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வருவேன். சில நாள் அது நடக்காது. அப்போது அவளே 'இன்னைக்கு யாரு?' என்று கேட்பாள், நான் ஒரு பெயரும் ஊரும் மட்டும் சொல்வேன்.

கடைசியா ஒண்ணு. உங்க பிள்ளை ராணுவத்துல சேரணும்னு சொன்னா விடுவீங்களா?

இந்தக் கேள்விக்கு ரொம்ப நாள் 'அது அவர்கள் விருப்பம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நந்தம்பாக்கத்தில் வயதைப் படித்தாளே, அவள் இப்போது பிளஸ் டூ. 2021-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்றாகிவிட்டது. போன வருடம் ஒரு ராத்திரி வந்து, எழுதப்போகிறேன் என்றாள். எனக்குத் தெரிந்த அத்தனை கல்லறைகளும் அந்த நிமிடம் நினைவுக்கு வந்தன, உண்மையாகச் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஏன் என்று கேட்டேன். உங்க தாத்தா மாதிரி சாப்பராகிப் பாலம் கட்டணும் என்றாள்.

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் கணினி முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். பெயர், பிறந்த தேதி, அதற்கு அடுத்த கட்டம் தந்தை பெயர். அதில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள், ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, சொன்னேன், திருத்தினாள்.